பொதுச் சுகாதார நெருக்கடியில் நகராட்சிக்கு நிதி பெறும் முறை: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு கையேடு

கொள்ளைநோய் பரவினாலும், வாந்திபேதி கண்டாலும், வெள்ளத்தில் குடிநீர் கெட்டுப்போனாலும் முதல் செலவு உள்ளூர் நகராட்சியின் தலையில்தான் விழுகிறது. தண்ணீர் லாரி, கிருமிநாசினி, ஊழியர்களின் கூடுதல் நேர ஊதியம், வீடற்றவர்களுக்குத் தங்குமிடம், தகன மண்டபத்தில் இரவுப் பணி என்று நாள்தோறும் பணம் போய்க்கொண்டிருக்கும். கடைகள் மூடி, வேலை நின்று, மின்கட்டணமும் வீட்டுவரியும் செலுத்துவார் குறைந்து, அதே வாரங்களில் வரவும் வற்றிவிடும். தேசிய அரசிடமிருந்து உதவி உண்டு என்றாலும் அது தானாக வருவதில்லை. கேட்ட மறுநாளும் வருவதில்லை. எந்தச் செலவை எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது, உதவி வந்துசேரும்வரை கையிலிருப்பதை முறைகேடின்றிச் செலவிடுவது எப்படி, வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேராமல் காப்பது எப்படி என்பவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், மெரிபேங்க், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் வார்டு கமிட்டிகளிலும் வரிசெலுத்துவோர் சங்கங்களிலும் கோயில் நிர்வாகங்களிலும் பொறுப்பு வகிக்கும் தமிழர்களையும், நகராட்சி நிதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். சட்டத்தின் எண்களைக் கண்டு மலைக்க வேண்டாம். நான்கைந்து பிரிவுகளே திரும்பத் திரும்ப வரும். அவற்றை அறிந்தவர் மன்றக் கூட்டத்தில் கேட்கும் ஒரு கேள்விக்கு, அறியாதவர் எழுதும் பத்து மனுக்களைவிட மதிப்பு அதிகம்.

எது நகராட்சியின் பொறுப்பு

நிதி கேட்பதற்கு முன், கேட்கும் செலவு நகராட்சியின் சட்டபூர்வமான கடமையைச் சேர்ந்ததுதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். அரசியலமைப்பின் 4ஆம் அட்டவணையின் இரண்டாம் பகுதி ‘நகராட்சிச் சுகாதாரப் பணிகள்’ என்பதை உள்ளாட்சிக்கு ஒதுக்குகிறது. அதில் எவை அடங்கும் என்பதை 2003ஆம் ஆண்டின் 61ஆம் எண் தேசியச் சுகாதாரச் சட்டம் விளக்குகிறது. குடிநீரின் தரத்தைக் கண்காணித்தல், உணவுக் கட்டுப்பாடு, கழிவு மேலாண்மை, கட்டடங்களின் சுகாதார ஆய்வு, தடுப்பூசி நீங்கலாகத் தொற்றுநோய்க் கண்காணிப்பும் தடுப்பும், நோய் பரப்பும் பூச்சிகள் எலிகளை ஒழித்தல், சுற்றுச்சூழல் மாசுக் கட்டுப்பாடு, இறந்தோரின் உடல்களை அப்புறப்படுத்தல், இரசாயனப் பாதுகாப்பு ஆகியவை அதில் உள்ளன. துறைமுகச் சுகாதாரமும் மலேரியாக் கட்டுப்பாடும் அதில் சேராது.

இந்தப் பொறுப்பு எல்லா நகராட்சிகளுக்கும் உரியது அன்று. பெருநகராட்சிகளுக்கும் மாவட்ட நகராட்சிகளுக்கும் மட்டுமே உரியது. நாட்டின் முதல் கோவிட் நோயாளி 2020 மார்ச் 5 அன்று உறுதிசெய்யப்பட்டார். இத்தாலியிலிருந்து திரும்பிய அவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை அடுத்த ஹில்டனில் வசித்தவர். ஹில்டன் உம்ங்கெனி உள்ளூர் நகராட்சிக்குள் இருந்தாலும், தொடர்பில் இருந்தோரைத் தேடுவது போன்ற சுற்றுச்சூழல் சுகாதாரப் பணி உம்குங்குன்ட்லோவு மாவட்ட நகராட்சியின் கடமையாகும். அத்தகைய பணிக்கான செலவை உள்ளூர் நகராட்சி கேட்டால் மனு திரும்பிவரும். தர்பனை உள்ளடக்கிய இத்தெக்வினி பெருநகராட்சியாதலால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

மருத்துவமனை மாகாணத்தின் பொறுப்பு. சாட்ஸ்வொர்த்தின் ஆர். கே. கான் மருத்துவமனையில் படுக்கை போதவில்லை என்றால் அதை மாகாணச் சுகாதாரத் துறையிடம்தான் கேட்க வேண்டும். அதை நகராட்சியின் நிதி மனுவில் சேர்ப்பது மனு முழுவதன் நம்பகத்தைக் கெடுக்கும். பெருநகராட்சி நடத்தும் சிறு கிளினிக்குகளின் நிலை சற்றுச் சிக்கலானது. அடிப்படை மருத்துவம் மாகாணத்தின் கடமை. நகராட்சி அதை மாகாணத்துக்காகச் செய்து மானியம் பெறுகிறது. எனவே கிளினிக் ஊழியர்களின் பாதுகாப்பு உடைக்கான செலவை முதலில் மாகாணத்திடம் கேட்டுவிட்டு, கிடைக்காத பகுதியை மட்டும், மறுப்புக் கடிதத்துடன் சேர்த்து, வேறு வழியில் கேட்பது முறை.

தகனம் நம் மக்களுக்கு மிக நெருக்கமான விஷயமாதலால் அதைத் தனியாகச் சொல்கிறேன். இறந்தோரின் உடல்களை அப்புறப்படுத்தல் நகராட்சிச் சுகாதாரப் பணியின் வரையறையில் நேரடியாக இடம்பெற்றிருக்கிறது. ஊரடங்குக் காலத்தில் இறுதிச் சடங்குக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி இருந்தபோது, தர்பனில் கிளேர் எஸ்டேட் போன்ற தகன மண்டபங்களை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட துயரம் நம் எல்லோருக்கும் தெரியும். உலைகளின் எரிபொருள், பழுதுபார்ப்பு, கூடுதல் நேரப் பணி ஆகியவற்றை நெருக்கடிச் செலவாகக் கேட்க நகராட்சிக்கு முழு அடிப்படை உண்டு. மண்டபத்தைத் தனியார் அறக்கட்டளை நடத்துமானால், நகராட்சி அதனுடன் எழுத்துபூர்வமான உடன்படிக்கை செய்திருந்தால் மட்டுமே அச்செலவு நகராட்சிக் கணக்கில் ஏறும். அந்த உடன்படிக்கையைப் பிணங்கள் வரிசையில் நிற்கும் நாளில் எழுத முடியாது. அமைதியான காலத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

வகைப்பாடு இல்லாமல் பேரிடர் மானியம் இல்லை

2002ஆம் ஆண்டின் 57ஆம் எண் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நோய்ப் பரவலையும் பேரிடராகக் கருத இடம் தருகிறது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் குவாசுலு-நத்தாலில் எம்பாங்கெனி வட்டாரத்தில் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்த வாந்திபேதி இச்சட்டம் பிறப்பதற்கு முன் வந்தது. இன்று அதே நிலை வந்தால் நடைமுறை தெளிவாக இருக்கிறது. நகராட்சியின் பேரிடர் மேலாண்மை மையம் நிகழ்வின் அளவையும் கடுமையையும் மதிப்பிட்டு, மாகாண மையத்துக்கும் தேசிய மையத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது. அதன்பின் தேசிய மையம் 23ஆம் பிரிவின் கீழ் அதை உள்ளூர், மாகாண அல்லது தேசியப் பேரிடராக வகைப்படுத்தும். அந்த வகைப்பாட்டுக் கடிதம் இல்லாமல் பேரிடர் மானியத்துக்கு மனுச்செய்து பயனில்லை.

உள்ளூர்ப் பேரிடர் என வகைப்படுத்தப்பட்டால், பெருநகராட்சி மன்றமோ மாவட்ட நகராட்சி மன்றமோ 55ஆம் பிரிவின் கீழ் மாகாண அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு உள்ளூர்ப் பேரிடர் நிலையை அறிவிக்கலாம். அது மூன்று மாதத்தில் காலாவதியாகும். அதன்பின் ஒவ்வொரு மாதமாகத்தான் நீட்டிக்க முடியும். இந்த நீட்டிப்பு நாள்களை ஒருவர் நாட்காட்டியில் குறித்துவைத்துக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அறிவிப்பு காலாவதியான மறுநாள் செய்த கொள்முதலுக்குத் தணிக்கையாளர் வேறு அளவுகோலைப் பயன்படுத்துவார். கோவிட் போலத் தேசியப் பேரிடராக வகைப்படுத்தப்பட்டால், பொறுப்பு தேசிய அரசின் கைக்குப் போகிறது. 2020 மார்ச் 15 முதல் 2022 ஏப்ரல் தொடக்கம் வரை அந்த நிலைதான் நீடித்தது. அப்போதும் நகராட்சியின் மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும். பணம் பிரிக்கப்படும்போது அறிக்கை அனுப்பாத ஊருக்காகப் பேச எவரும் இருக்கமாட்டார்கள்.

முதலில் சொந்தப் பணம்

2003ஆம் ஆண்டின் 56ஆம் எண் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே நெருக்கடியின் முதல் வாரங்களில் உண்மையான உதவி. வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறாத, முன்கூட்டி அறிய இயலாத, தவிர்க்கவும் இயலாத செலவை மேயர் அங்கீகரிக்கலாம். அதற்கு விதிகளில் குறித்த உச்சவரம்பு உண்டு. அடுத்த மன்றக் கூட்டத்திலேயே மேயர் அதைத் தெரிவிக்க வேண்டும். செலவு ஏற்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் திருத்த வரவு செலவுத் திட்டம் ஒன்றை மன்றம் நிறைவேற்ற வேண்டும். 60 நாள் கடந்துவிட்டால், நல்ல நோக்கத்தில் செய்த, உயிர் காத்த செலவுகூட அங்கீகாரமற்ற செலவாகிவிடும். 32ஆம் பிரிவின் கீழ் விசாரணை தொடங்கும், பணத்தை உரிய அலுவலரிடமிருந்து வசூலிக்கும் நிலையும் ஏற்படலாம். நேர்மையான அலுவலர்கள் பலர் சிக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். அவர்கள் பணத்தைத் தொடவில்லை, நாளை மட்டும் தவறவிட்டார்கள்.

29ஆம் பிரிவால் எவற்றைச் செய்ய முடியாது என்பதைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் நகராட்சி வரவு செலவு மற்றும் அறிக்கை விதிகள் இதைத் தெளிவாக வரையறுக்கின்றன. தாமதித்தால் உயிரிழப்போ கடும் காயமோ நேரும், அடிப்படைச் சேவை தடைப்படும், பெரும் நிதியிழப்பு ஏற்படும் என்ற நிலைகளில் மேயர் அங்கீகரிக்கலாம். ஆனால் பொருள்களின் விலை உயர்ந்துவிட்டது என்பதற்காகவோ, புதிய ஊழியரை நியமிப்பதற்காகவோ, புதிய சேவை ஒன்றைத் தொடங்குவதற்காகவோ, ஏற்கெனவே மன்றம் மறுத்த செலவை நுழைப்பதற்காகவோ, முன்பே நடந்துவிட்ட முறைகேட்டைச் சரிக்கட்டுவதற்காகவோ இதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு பெட்டி கையுறையின் விலை இரு மடங்கானால், அந்த வித்தியாசத்தை மேயரின் கையொப்பத்தால் ஈடுசெய்ய முடியாது. தொடர்புத் தடமறிய இருபது இளைஞர்களைத் தற்காலிகமாகச் சேர்க்க வேண்டுமானாலும் அப்படித்தான். இவ்விரண்டுக்கும் 28ஆம் பிரிவின் கீழ் திருத்த வரவு செலவுத் திட்டமே வழி.

அந்த 28ஆம் பிரிவு மன்றத்துக்குச் சில அதிகாரங்களைத் தருகிறது, சிலவற்றை மறுக்கிறது. வரவு கணிசமாகக் குறைந்தால் மதிப்பீட்டைக் கீழிறக்கியே தீர வேண்டும். ஒரு துறையில் மிச்சமாகும் தொகையை வேறு துறைக்கு மாற்றலாம். புதிதாகக் கிடைக்கும் வரவை, ஏற்கெனவே திட்டத்தில் இருக்கும் பணிகளைத் திருத்தவோ விரைவுபடுத்தவோ மட்டும் பயன்படுத்தலாம். நிதியாண்டின் நடுவில் வீட்டுவரியையோ கட்டணத்தையோ உயர்த்தக் கூடாது; நிதிச் சிக்கலில் விழுந்த நகராட்சிக்கு வகுக்கப்படும் நிதி மீட்புத் திட்டத்தின் கீழ் தேவைப்பட்டால் மட்டுமே விலக்கு. ஆகவே ‘நெருக்கடி வரி’ வரப்போகிறது என்று ஊரில் யாராவது கிளப்பிவிட்டால், அடுத்த நிதியாண்டு தொடங்கும் ஜூலை 1க்கு முன் அது சாத்தியமில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

மன்றம் கூட முடியாத காலத்தில் 60 நாள் கணக்கு எப்படி என்ற கேள்வி 2020இல் எழுந்தது. அந்த ஆண்டு மார்ச் 30 அன்று நிதியமைச்சர் வெளியிட்ட நிபந்தனையுடன் கூடிய விலக்கு அறிவிப்பு, சட்டத்தின் சில காலக்கெடுக்களிலிருந்து நகராட்சிகளுக்குத் தற்காலிக விடுதலை தந்தது. அத்தகைய அறிவிப்பை எதிர்பார்த்துச் செயல்படுவது பெரும் அபாயம். அறிவிப்பு கையில் வரும்வரை பழைய கெடுதான் கெடு. இணையவழிக் கூட்டமாயினும் கூட்டத்தை நடத்திவிடுங்கள்.

கொள்முதல் குறிப்பு எழுதும் முறை

2005ஆம் ஆண்டின் நகராட்சிக் கொள்முதல் விதிகளின் 36ஆம் விதி, அவசர நிலையில் வழக்கமான விலைப்புள்ளி, ஒப்பந்தப்புள்ளி நடைமுறையிலிருந்து விலகிக் கொள்முதல் செய்ய நகராட்சி மேலாளருக்கு அதிகாரம் தருகிறது. விலகலுக்கான காரணத்தைப் பதிவுசெய்து, அடுத்த மன்றக் கூட்டத்தில் தெரிவித்து, ஆண்டு நிதி அறிக்கையில் குறிப்பாகச் சேர்க்க வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவுதான்; ஆனால் ‘கோவிட் காரணமாக’ என்ற இரண்டு சொல்லை எழுதிவிட்டுப் போன கோப்புகளே பிற்பாடு வழக்குகளாக மாறின.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். சுத்திகரிப்பு நிலையம் பழுதாகித் தண்ணீர் நின்றுபோன ஒரு பகுதிக்குத் தண்ணீர் லாரி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாள் எந்த மணிக்கு எந்த அலுவலருக்குத் தகவல் வந்தது, எத்தனை வீடுகள், எந்தப் பள்ளி, எந்த முதியோர் இல்லம் பாதிக்கப்பட்டது, நகராட்சியின் சொந்த லாரிகள் எத்தனை, அவை அப்போது எங்கே நின்றன, எந்தெந்த நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்தோம், யார் என்ன விலை சொன்னார்கள், யார் எடுக்கவில்லை, முந்தைய மாதம் இதே சேவைக்குக் கொடுத்த விலை என்ன, இந்த ஏற்பாடு எந்த நாளுடன் முடிகிறது, அதன்பின் முறையான ஒப்பந்தப்புள்ளி எப்போது அழைக்கப்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். லாரி ஒவ்வொரு முறை வந்து ஊற்றும்போதும் ஓட்டுநரும் தெருவில் இருக்கும் ஒருவரும் கையொப்பமிடும் சீட்டு ஒன்று வேண்டும். நேரமும் லிட்டர் அளவும் அதில் எழுதப்பட வேண்டும். இந்தச் சீட்டுக்கு வார்டு கமிட்டிக்காரர் பொறுப்பேற்கலாம். ஓடாத லாரிக்குப் பணம் போவதைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

தலைமைத் தணிக்கையாளர் 2020 செப்டம்பரில் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, பாதுகாப்பு உபகரணங்கள் சில அரசு குறித்த விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக, சில இடங்களில் ஐந்து மடங்காகக்கூட வாங்கப்பட்டிருந்ததைக் காட்டியது. அதற்கு முன்பே, ஜூலையில், சிறப்பு விசாரணைப் பிரிவுக்கு அதிபர் ஆணையிட்டிருந்தார். நோயாளியின் பெயரால் எடுத்த பணம் நோயாளிக்குப் போகாதது எத்தனை பெரிய கொடுமை என்பதைச் சொல்லி முடியாது. விலையைப் பிற நகராட்சியின் விலையுடனும் தேசியக் கருவூலத்தின் விலைப்பட்டியலுடனும் ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டை அதே கோப்பில் வையுங்கள்.

2017 ஜூலை 1 முதல் எல்லா நகராட்சிகளும் mSCOA எனப்படும் ஒரே தரக் கணக்குப் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அதில் நெருக்கடிக்கென்று தனித் திட்டக் குறியீடு ஒன்றை முதல் நாளே திறந்து, ஒவ்வொரு செலவையும் அதில் ஏற்றுவது மிக முக்கியம். பொதுத் தலைப்புகளில் கலந்துவிட்ட செலவைப் பிற்பாடு பிரித்தெடுத்து நிரூபிப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

வெளியிலிருந்து வரும் பணம்

தேசிய அரசின் உதவி மூன்று வழிகளில் வருகிறது. மூன்றின் நிபந்தனைகளும் வேறுவேறு.

முதலாவது, அரசியலமைப்பின் 214, 227 ஆகிய பிரிவுகள் உறுதிசெய்யும் நியாயப் பங்கு நிதி, அதாவது தேசிய வருவாயில் நகராட்சிகளுக்கு உரிய பங்கு. இது ஜூலை, டிசம்பர், மார்ச் ஆகிய மாதங்களில் மூன்று தவணைகளாக வரும். இதற்குக் குறிப்பிட்ட செலவு நிபந்தனை கிடையாது என்பதால், வரவு இழப்பை ஈடுகட்ட இதுவே பொருத்தமானது. 2020 ஏப்ரல் 21 அன்று அதிபர் ரமபோசா அறிவித்த 500 பில்லியன் ராண்ட் திட்டத்தில் நகராட்சிகளுக்கென 20 பில்லியன் ராண்ட் குறிக்கப்பட்டது. அவசரக் குடிநீர், பொதுப் போக்குவரத்தைத் தூய்மைப்படுத்தல், வீடற்றோருக்கு உணவும் தங்குமிடமும் என்பவை அதன் நோக்கங்கள். அதில் 11 பில்லியன் நியாயப் பங்கில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. எஞ்சிய 9 பில்லியன் புதுப் பணம் அன்று, நகராட்சிகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த மானியங்களை நோக்கம் மாற்றிப் பயன்படுத்தத் தந்த அனுமதி. இந்த வேறுபாட்டை மக்கள் பிரதிநிதிகள் அறிந்திருப்பது அவசியம். சாலைக்கு வைத்திருந்த பணத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினால், சாலை நின்றுபோகும். அது எந்தச் சாலை என்று கேட்கும் உரிமை அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு உண்டு.

இந்த நோக்க மாற்றமே இரண்டாவது வழி. பெருநகராட்சிகளின் நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு மானியம், பிற நகராட்சிகளின் உட்கட்டமைப்பு மானியம் போன்றவை வருவாய்ப் பகிர்வுச் சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. எழுத்துபூர்வமான அனுமதி வருமுன் ஒரு ராண்டையும் வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது. ‘எல்லாருக்கும் அனுமதி வந்துவிடும்’ என்று கூட்டத்தில் யாரோ சொன்னதை நம்பிச் செலவிட்ட தொகையை அடுத்த தவணையில் கருவூலம் பிடித்துக்கொள்ள முடியும்.

மூன்றாவது, பேரிடர் மானியங்கள். உடனடித் தேவைகளுக்கு ஒன்று, சேதமான உட்கட்டமைப்பைச் சீரமைக்க மற்றொன்று என இரண்டு இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரியை நம்பி வாழ்ந்தார்கள். அத்தகைய நிலையில் லாரிச் செலவு முதல் மானியத்தின் எல்லைக்குள் வரும். நிலையத்தைப் பழுதுபார்க்கும் செலவு இரண்டாவதன் எல்லைக்குள் வரும். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் இரண்டும் தாமதமாகும். அதிலும் பழுதான அமைப்பின் செலவை அதைப் பராமரிக்கும் பொறுப்புள்ள அமைப்பே ஏற்க வேண்டும் என்பது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு வகுத்த பொதுக்கோட்பாடு. தேசிய உதவி அதன் மேல் வரும் துணை மட்டுமே.

உடனடித் தேவை மானியத்துக்கான மனு, மாகாணப் பேரிடர் மேலாண்மை மையம் வழியாகத் தேசிய மையத்துக்குப் போகிறது. வகைப்பாட்டுக் கடிதத்தின் நகல், பாதிக்கப்பட்ட மக்களின் எண்ணிக்கை, தேவைப்படும் மொத்தத் தொகை, நகராட்சி தன் பங்காக ஒதுக்கிய பணமும் பொருளும், பிற துறைகளும் அமைப்புகளும் தந்தவை, மாதவாரிப் பணப்புழக்கத் திட்டம், நடைமுறையில் இருக்கும் அவசரத் திட்டத்தின் நகல், நகராட்சி மேலாளரின் ஒப்புதல் ஆகியவற்றை அது கேட்கும். தொகையைப் பெருக்கி எழுதுவது சிலருக்குப் பழக்கம். பாதிதான் தருவார்கள் என்று எண்ணி இரண்டு மடங்கு கேட்பார்கள். மதிப்பீட்டாளர்கள் களத்தை வந்து பார்ப்பார்கள் என்பதால் அது மனுவின் மேல் ஐயத்தை விதைப்பதோடு முடியும். கணக்கு எத்தனை எளிதோ அத்தனை நல்லது: இத்தனை வீடு, வீட்டுக்கு இத்தனை லிட்டர், லாரிக்கு இத்தனை நடை, நடைக்கு இத்தனை ராண்ட்.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 57ஆம் பிரிவைத் தலைமை நிதி அலுவலர் மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். தேசிய அரசு உதவலாமா என்று முடிவுசெய்கையில், நகராட்சி முன்கூட்டியே தடுப்பு நடவடிக்கை எடுத்ததா, எடுக்காவிட்டால் ஏன், எடுத்திருந்தால் பேரிடரைத் தவிர்த்திருக்கலாமா, சேதத்துக்குப் போதிய காப்பீடு இருந்ததா, சமூகமும் தொண்டு நிறுவனங்களும் என்ன உதவி செய்தன என்பவற்றைக் கணக்கில் எடுக்கலாம் என்று அது கூறுகிறது. 2023 மே மாதத்தில் ட்ஷ்வானே பெருநகராட்சியின் ஹம்மன்ஸ்க்ரால் பகுதியில் வாந்திபேதி பரவி 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரூய்வால் கழிவுநீர் நிலையத்தின் மேம்பாடு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது ஏன் என்பதே நாடெங்கும் எழுந்த கேள்வி. ஆகவே பராமரிப்புப் பதிவேடும், நீர்ச் சோதனை முடிவுகளும், சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர்களின் எண்ணிக்கையும் நிதி மனுவின் பின்னிணைப்புகளே. பத்தாயிரம் மக்களுக்கு ஓர் அலுவலர் என்பது தேசிய நெறி. உங்கள் நகராட்சி அதில் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவு விவாதத்தில் கேளுங்கள். அந்த விவாதத்துக்கு வாய்ப்பு ஏப்ரல், மே மாதங்களில் கிடைக்கிறது. வரைவு மார்ச் 31க்குள் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது விதி.

பணம் வரும்வரை கடன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நிதி மேலாண்மைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு குறுகிய காலக் கடனை அனுமதிக்கிறது, ஆனால் அதே நிதியாண்டுக்குள் திருப்பியாக வேண்டும். உறுதியான வரவுக் கடிதம் கையில் இருந்தாலன்றி அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கோயில்களும் சங்கங்களும் செய்ய வேண்டியது

ஊரடங்கில் நம் கோயில் கூடங்கள் சமையற்கூடங்களாகின. ஆடியில் கூழ் ஊற்றும் அண்டாக்களில் சாம்பார் சாதம் வெந்து, சாதி மதம் பாராமல் வீடுவீடாகப் போனது. அந்தச் சேவைக்குக் கணக்கு வைப்பது புண்ணியத்தைக் குறைக்கும் என்று நினைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பணிவுடன் சொல்ல விரும்புவது, அந்தக் கணக்கு நம் பெருமைக்காக அன்று, நகராட்சியின் நிதி மனுவுக்காக என்பதே. ஒரு நோட்டில் தேதி, பொட்டலங்களின் எண்ணிக்கை, அரிசி பருப்பின் எடை, அவை கொடுக்கப்பட்ட தெரு, தந்தவர் ஆகியவற்றை எழுதி, வாரம் ஒரு நகலை நகராட்சிப் பேரிடர் மையத்துக்கு அனுப்பினால், பிற அமைப்புகள் தந்தவை என்ற தலைப்பில் அது மனுவில் ஏறும். ஊர் தன் பங்கைச் செய்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

நகராட்சியிடமிருந்து சங்கத்துக்குப் பணம் பெறுவதானால், நிதி மேலாண்மைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பணம் பெறும் அமைப்புக்குத் திறன் இருக்கிறது, உடன்படிக்கைக்கு இணங்கியிருக்கிறது, மாதந்தோறும் செலவறிக்கை தரும், தணிக்கைக்கு உட்படும் என்று நகராட்சி மேலாளர் முதலில் திருப்தியடைய வேண்டும். ஆகவே 1997ஆம் ஆண்டின் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவும், அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கும், தணிக்கை செய்த கடைசி ஆண்டு அறிக்கையும், நிர்வாகக் குழுத் தீர்மானமும் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் நன்கொடை வாங்கும் குழுக்கள் எத்தனை நேர்மையானவையாயினும் இந்த வாயிலைக் கடக்க முடியாது.

நகராட்சி என்ன பெற்றது, என்ன செலவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள யாருடைய தயவும் தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் முடிந்த 10 வேலை நாள்களுக்குள் நிதி மேலாண்மைச் சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி மாத அறிக்கை மேயருக்கும் மாகாணக் கருவூலத்துக்கும் போக வேண்டும். காலாண்டு முடிந்த 30 நாளுக்குள் மேயரின் அறிக்கை மன்றத்துக்கு வர வேண்டும். வரவு செலவு ஆவணங்களை இணையதளத்தில் இட வேண்டும் என்று 75ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அங்கே இல்லாததை 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்கும்போது ‘கோவிட் செலவு என்ன’ என்று பொதுவாகக் கேட்காமல், திட்டக் குறியீட்டையும் மாதத்தையும் மானியத்தின் பெயரையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அப்போதுதான் பதில் எண்ணாக வரும்.

நிதியாண்டின் முடிவு

நகராட்சியின் ஆண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. குளிர்காலத்தில் நோய் கூடும் மாதங்களும் அதே சமயம் வருவதால், மானியம் செலவாகாமல் நிற்கும் வாய்ப்பு மிக அதிகம். செலவாகாத நிபந்தனை மானியம் தேசிய வருவாய் நிதிக்குத் திரும்பிப் போகும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஆகஸ்ட் 31க்குள் காரணத்துடன் தேசியக் கருவூலத்துக்கு எழுத வேண்டும். அங்கே ‘மக்களுக்குத் தேவை இருக்கிறது’ என்ற வாதம் எடுபடாது. ஜூன் 30க்கு முன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்பதற்கான நியமனக் கடிதம், பணி எந்த அளவு முடிந்தது என்ற பொறியாளரின் சான்று, மீதித் தொகை வங்கியில் பணமாகவே இருக்கிறது என்பதைக் காட்டும் வங்கி அறிக்கை ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். மூன்றாவதில்தான் பல நகராட்சிகள் விழுகின்றன, ஏனெனில் வரவு குறைந்த மாதத்தில் மானியப் பணத்தை எடுத்துச் சம்பளம் கொடுத்திருப்பார்கள். மானியத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு திறந்து, அதன் மாத இருப்பை நிதிக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக வைத்தால், அந்தப் பணத்தில் கை வைக்கும் எண்ணம் வரும்போதே யாராவது ஒருவர் தடுத்து நிறுத்த முடியும்.